எனக்குச் சங்கீதம் வராது

போன மாசம் வீடு மாற்றினோம். புனேவுக்கு வந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகிறது, இது ஆறாவது வீடு. பிரிக்காமலேயே ஒரு பரணிலிருந்து அடுத்த பரணுக்குப் போய்விடும் அட்டைப்பெட்டி ஒன்று எல்லார் வீட்டிலும் இருக்குமே, எங்கள் வீட்டிலும் உண்டு. "இந்தத் தடவை அதைப் பிரிச்சு ஒரு வழி பண்ணலைன்னா, நீங்களும் பெட்டியும் இங்கேயே இருங்கோ" என்று தங்கமணி சொல்லிவிட்டதால் உட்கார்ந்து பிரித்தேன்.

செமஸ்டர் மார்க்‌ஷீட், காலாவதியான ரேஷன் கார்டு, அப்பா எழுதிய இன்லேண்ட் லெட்டர்கள், அடியில் ஒரு டிடிகே 90 கேசட். அட்டையில் பால்பாயிண்ட் பேனாவில் ஒரு பக்கம் 'அனதர் கிரீன் வேர்ல்ட்', மறுபக்கம் 'பிஃபோர் அண்ட் ஆஃப்டர் சயின்ஸ்'. மேலே பெரிய எழுத்தில் ஒரே பெயர்: ஈனோ.

கொசுவத்தி சுற்ற ஆரம்பித்துவிட்டது.

1994. திருச்சியில் இன்ஜினியரிங் ஹாஸ்டல். கும்பகோணத்திலிருந்து போன எனக்கு ரூம்மேட்டாக வாய்த்தவன் ஷில்லாங்காரன். அந்த ஊரில் குழந்தைகள் கிடாரோடு பிறப்பார்கள் என்றே அப்போது நம்பினேன். நான் ராஜா, அவன் ராக். ஒரே டூ-இன்-ஒன், ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று ஒப்பந்தம். பிங்க் ஃப்ளாய்ட் வரைக்கும் என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டான். ஆனால் இந்தக் கேசட்டைப் போட்ட அன்றைக்கு, "என்னடா இது, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்று கேட்டேன். ஆரம்பித்துப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. கோர்ஸ் முடிந்து பிரியும்போது, "இப்ப உனக்குப் புரியாது, வச்சுக்கோ" என்று அதையே கையில் கொடுத்துவிட்டுப் போனான். வைத்துக்கொண்டேன். கேட்கவில்லை.

இப்போது கேட்கலாமென்றால் வீட்டில் கேசட் ப்ளேயர் கிடையாது. போனில் தேடினால் ஒரு நொடியில் வந்து நிற்கிறது. அன்று ராத்திரி, பிரிக்காத மூட்டைகளுக்கு நடுவில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவன், எழுந்தபோது மணி ஒன்றரை. அடுத்த மூன்று வாரத்தில் அந்த ஆளின் முதல் நாலு பாட்டு ஆல்பங்களையும் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கூடவே என் பெண்ணைப் பற்றியும், கொஞ்சம் என் பழைய வெட்கத்தைப் பற்றியும்.

யார் இந்த பிரையன் ஈனோ? "கேள்விப்பட்டதே இல்லையே" என்பவர்களுக்கு ஒரு தகவல்: நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். விண்டோஸ் 95 போட்ட கம்ப்யூட்டரை ஆன் செய்தால் ஆறு நொடி ஒரு சத்தம் வருமே, அது இவர் செய்தது. அந்த ஆறு நொடிக்காக 84 துண்டுகள் செய்து பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். செய்தது ஆப்பிள் மேக்கில் என்பது தனி வேடிக்கை. நம்மில் பலர் ஊரை விட்டுக் கிளம்பி வந்து முதல் வேலையில் முதல் நாள் கேட்ட சங்கீதம் அதுவாகத்தான் இருக்கும்.

1948-ல் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் பிறந்தவர். படித்தது ஓவியப் பள்ளிகளில். இசையை ஸ்வரம் எழுதிப் படித்தவரில்லை, எந்த வாத்தியத்தையும் முறையாக வாசிக்கத் தெரியாது. 1971-ல் ராக்ஸி மியூசிக் குழுவில் சேர்ந்தபோது, முதலில் மேடையில்கூட இல்லை. அரங்கத்தின் பின்பக்கம் ஒலிக் கலவை மேஜையில் உட்கார்ந்து, மற்றவர்கள் வாசிப்பதை ஒரு சின்தசைசர் வழியாகவும் டேப் ரெக்கார்டர் வழியாகவும் விட்டு வேறு ஏதோவாக மாற்றுவது அவர் வேலை. இரண்டு ஆல்பம் முடிந்ததும், பாடகர் பிரையன் ஃபெர்ரியோடு ஒத்துப்போகாமல் 1973-ல் வெளியே வந்தார். தன்னைப் பற்றி அவர் சொல்லிக்கொண்டது 'நான்-மியூசிஷியன்', அதாவது இசைக்கலைஞன் அல்லாதவன்.

இந்தச் சொல்லில்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். முதலில் ஆல்பங்கள்.

முதலாவது 'ஹியர் கம் த வார்ம் ஜெட்ஸ்'. 1973 செப்டம்பரில் லண்டனில் பன்னிரண்டே நாளில் பதிவாகி, 1974-ல் வந்தது. பதினாறு பேரைக் கூப்பிட்டு வாசிக்க வைத்திருக்கிறார். ராக்ஸி மியூசிக்கிலிருந்து ஃபெர்ரியைத் தவிர மற்ற முக்கியமான ஆட்கள் எல்லாரும் வந்திருக்கிறார்கள்! அதைவிட முக்கியம், ஒருவரோடு ஒருவர் பாணி ஒத்துப்போகாத ஆட்களாகப் பார்த்துச் சேர்த்திருக்கிறார். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகளைக் கல்யாண வீட்டில் ஒரே பந்தியில் உட்கார வைத்து, என்ன நடக்கிறது என்று ஓரமாக நின்று பார்ப்பது மாதிரி. என்ன வாசிக்க வேண்டும் என்று ஸ்வரத்தில் சொல்லத் தெரியாது என்பதால் ஆடிக் காட்டியிருக்கிறார். அவர்கள் அதைப் பார்த்து வாசித்திருக்கிறார்கள்.

வரிகள் எழுதிய விதம் நமக்கு ரொம்பப் பழக்கமானது. முதலில் அர்த்தமில்லாத சத்தங்களாகப் பாடி வைத்துக்கொண்டு, பிறகு அந்தச் சத்தத்துக்குப் பொருந்தும் வார்த்தைகளைத் தேடியிருக்கிறார். நம் சினிமாவில் தத்தகாரம் போட்டுக் கவிஞரிடம் கொடுப்பார்களே, அதே. என்ன ஒன்று, இங்கே இசையமைப்பாளரும் அவரே, கவிஞரும் அவரே, கேசட்டைக் கேட்டுக் குழம்பினவன் நான்.

இந்த ஆல்பத்தில் 'பேபிஸ் ஆன் ஃபயர்' என்று ஒரு பாட்டு. ஐந்து நிமிஷத்துச் சொச்சம். அதில் கிட்டத்தட்ட மூன்று நிமிஷம் கிங் கிரிம்ஸன் குழுவின் ராபர்ட் ஃபிரிப் வாசிக்கும் கிடார். கீழே பாஸும் தாளமும் பிடிவாதமாக ஒரே இடத்தில் நிற்க, மேலே அது எரிந்துகொண்டே போகிறது. இருபது வயதில் எப்படி இது காதில் விழாமல் போனது என்று தெரியவில்லை.

இரண்டாவது 'டேக்கிங் டைகர் மவுண்டன் (பை ஸ்ட்ராடஜி)', அதே 1974 கடைசியில் வந்தது. சீனப் புரட்சி நாடகம் ஒன்றின் காட்சிகள் அச்சிட்ட தபால் அட்டைகள் அவர் கையில் கிடைத்ததிலிருந்து வந்த தலைப்பு. இதில் ஒரு பாட்டில் நடுவே டைப்ரைட்டர்கள் தனி ஆவர்த்தனம் செய்கின்றன. ஊரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர் பாஸ் பண்ணியவர்கள் எல்லாரும் ஒருமுறை கேட்க வேண்டும். இன்னொரு பாட்டில் வயலின்கள் வருகின்றன. வாசிப்பது போர்ட்ஸ்மத் சின்ஃபோனியா. ஒரு ஓவியப் பள்ளியில் தொடங்கிய இசைக்குழு அது. வாசிக்கத் தெரியாதவர்களும், தெரிந்தாலும் பழக்கமில்லாத வாத்தியத்தைக் கையில் எடுத்தவர்களும் சேர்ந்தது. கிண்டலுக்காகத் தப்பாக வாசிக்கக் கூடாது, ஒழுங்காக வாசிக்க முயல வேண்டும் என்பதுதான் அங்கே விதி. ஈனோ அதில் கிளாரினெட் வாசித்தார். சுருதி சேராமல் ஆனால் மனசார வாசிக்கும் அந்த வயலின்களைக் கேட்டால் சிரிப்பு வருகிறது, கொஞ்ச நேரத்தில் தொண்டை அடைக்கிறது. ஸ்கூல் ஆண்டு விழாவில் நம் பிள்ளைகள் பாடும்போது வருமே, அது.

மூன்றாவதுதான் என் கேசட்டின் முதல் பக்கம், 'அனதர் கிரீன் வேர்ல்ட்' (1975). அந்த வருஷம் ஜனவரியில் ஒரு டாக்ஸி மோதிப் படுக்கையில் கிடந்திருக்கிறார். பார்க்க வந்த தோழி ஒருத்தி ஹார்ப் இசைத்தட்டு ஒன்றைக் கொடுத்திருக்கிறாள். போட்டுவிட்டுப் படுத்த பிறகுதான் சத்தம் மிகக் குறைவாக இருப்பது தெரிந்திருக்கிறது. எழுந்து கூட்டத் தெம்பில்லை. ஜன்னலுக்கு வெளியே மழை, அதற்குள்ளே எங்கோ அந்த ஹார்ப். இப்படியும் கேட்கலாம் போலிருக்கிறதே என்று அப்போது தோன்றியதாகச் சொல்லியிருக்கிறார். பின்னாளில் 'ஆம்பியன்ட்' என்று பெயர் வைத்த பின்புலச் சங்கீதம் எல்லாம் அந்தப் படுக்கையில் தொடங்கியது என்பது பிரசித்தமான கதை.

கதை இருக்கட்டும். பாட்டு எதையும் தயாராக எழுதிக்கொள்ளாமல் ஸ்டூடியோவுக்குள் போய் அவர் செய்த ஆல்பம் இது. பதினாலு துண்டுகள். அதில் ஐந்தில்தான் குரல் உண்டு. மீதி ஒவ்வொன்றும் ஒரு இடம். இரண்டு மூன்று நிமிஷம் நம்மை ஓர் இடத்தில் நிறுத்திவிட்டுப் போய்விடும். ஏழு துண்டுகளில் அவரைத் தவிர வேறு யாரும் இல்லை. ஸ்வரம் படிக்கத் தெரியாத ஆள் தனியாக உட்கார்ந்து செய்தவை அவை. அதில் 'த பிக் ஷிப்' என்பதைக் கேட்டுப் பாருங்கள். ஒரு சின்ன சுழற்சி, திரும்பத் திரும்ப, மேலே மேலே அடுக்கிக்கொண்டே வருகிறது. அவ்வளவுதான். துறைமுகத்தில் நின்று யாரையோ வழியனுப்பிய மாதிரி இருக்கும்.

'செயின்ட் எல்மோஸ் ஃபயர்' பாட்டில் மறுபடி ஃபிரிப். இந்தத் தடவை ஈனோ அவரிடம் ஸ்வரமோ ராகமோ சொல்லவில்லை. விம்ஷர்ஸ்ட் மெஷின் மாதிரி வாசி என்றாராம். இரண்டு வட்டத் தட்டுகள் எதிரெதிராகச் சுற்றும், நடுவில் இரண்டு குண்டுகளுக்கு இடையே பட்டென்று மின்பொறி தாவும் பழைய ஃபிசிக்ஸ் லேப் கருவி அது. ஃபிரிப் அப்படியே வாசித்திருக்கிறார். ஒரு பொறியாளனாகச் சொல்கிறேன், அது அச்சு அசல் மின்பொறிதான்.

இந்த ஆல்பம் வந்தபோது பிரிட்டனிலும் சரி, அமெரிக்காவிலும் சரி, விற்பனைப் பட்டியலில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

நாலாவது 'பிஃபோர் அண்ட் ஆஃப்டர் சயின்ஸ்' (1977 டிசம்பர்). இரண்டு வருஷம் இழுத்து இழுத்துச் செய்தது. முதல் பக்கம் துள்ளல், இரண்டாம் பக்கம் மெல்ல மெல்ல அடங்கி நதிக்கரையில் போய் உட்கார்ந்துவிடுகிறது. 'பை திஸ் ரிவர்' என்ற பாட்டை ஜெர்மனியின் கிளஸ்டர் இரட்டையரோடு சேர்ந்து செய்திருக்கிறார். கும்பகோணத்துக்காரனுக்கு நதி என்றால் ஒரே நதிதான். வருஷத்தில் பாதி நாள் மணலாகக் கிடக்கும் காவிரியையும், வீட்டு வாசல் திண்ணையில் அப்பாவும் நானும் பேசாமல் உட்கார்ந்திருந்த சாயங்காலங்களையும் வெள்ளைக்காரன் பாட்டு ஞாபகப்படுத்தும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இனி என் கட்சி.

ஈனோவின் தாக்கம் என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு விஷயம் சொல்வார்கள். ஒன்று, ஆம்பியன்ட் இசையின் தந்தை. 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' அதற்குச் சாட்சி. இரண்டு, பெரிய ஆட்களைப் பெரிய ஆட்களாக்கிய தயாரிப்பாளர். டாக்கிங் ஹெட்ஸுக்கு 1978 முதல் 1980 வரை மூன்று ஆல்பம், 1984-லிருந்து டேனியல் லான்வாவோடு சேர்ந்து யூ2. டேவிட் போவியின் 'லோ', 'ஹீரோஸ்' இரண்டையும்கூட இவர் தயாரித்ததாகவே பலர் எழுதிவிடுகிறார்கள். அது தப்பு. தயாரித்தது போவியும் டோனி விஸ்கான்டியும். இவர் கூட இருந்து செய்தவர்.

இரண்டும் பெரிய விஷயம்தான். ஆனால் இந்த நாலு பாட்டு ஆல்பங்களை அவற்றுக்கு முன்னுரை மாதிரி ஒதுக்கிவிடுவதில் எனக்குச் சம்மதமில்லை. மற்றதெல்லாம் இங்கிருந்துதான் முளைத்தது. சின்னப் பாட்டும் வார்த்தையில்லாத நிலக்காட்சியும் ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம் என்று 'அனதர் கிரீன் வேர்ல்ட்' 1975-லேயே காட்டிவிட்டது. 1977-ல் வந்த 'லோ'வை இதற்கு அடுத்துப் போட்டுக் கேளுங்கள், நான் வேறு விளக்கம் சொல்ல வேண்டாம். 1974-ன் 'தர்ட் அங்கிள்' பாட்டில் பங்க் இசையின் படபடப்பு முன்கூட்டியே இருக்கிறது. 1982-ல் பவுஹவுஸ் குழு அதை எடுத்துப் பாடியபோது அவர்கள் காலத்துப் பாட்டு போலவே ஒலித்தது.

அதைவிடப் பெரிய தாக்கம் ராகத்திலும் தாளத்திலும் இல்லை, வேலை செய்யும் முறையில் இருக்கிறது. ஓவியர் பீட்டர் ஷ்மிட்டும் இவரும் 1975-ல் நூற்றுச் சொச்சம் சீட்டுகள் கொண்ட ஒரு கட்டு வெளியிட்டார்கள். வேலை நடுவில் முட்டிக்கொண்டு நின்றால் ஒரு சீட்டை உருவ வேண்டும், அதில் இருப்பதைச் செய்ய வேண்டும். நடந்துவிட்ட தப்பை அழிக்காதே, மதித்துப் பார் என்கிற ரகமான யோசனைகள். கிளி ஜோசியம் மாதிரி என்று சிரிக்கலாம். ஆனால் போவியின் 'லாட்ஜர்' (1979) பதிவில் கிடாரிஸ்டை டிரம்ஸில் உட்கார வைத்து, டிரம்மர் கையில் பாஸ் கிடாரைக் கொடுத்தார்கள். தெரிந்த கை தெரிந்த வழியிலேயே போகும், அதைத் தடுக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. ஸ்டூடியோவே ஒரு வாத்தியம் என்று அவர் 1979-ல் நியூயார்க்கில் ஒரு சொற்பொழிவே செய்திருக்கிறார். இன்றைக்கு உலகம் முழுக்கப் படுக்கையறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு சத்தத்தை வெட்டி ஒட்டும் பிள்ளைகள், அவர் பெயர் தெரியாவிட்டாலும், அந்த வீட்டுத் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இங்கேதான் என் வீட்டுக்கு வருகிறேன்.

என் பெண் ஒன்பதாவது படிக்கிறாள். ஏழு வயதிலிருந்து வயலின். மும்பையோ தில்லியோ புனேவோ, நம்மவர்கள் இருக்கும் எந்த ஊரிலும் இது நடக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை பெண்ணை வண்டியில் ஏற்றிக்கொண்டு, பாட்டோ பரதமோ வயலினோ, எங்கேயோ ஒரு மாமி வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, அப்பாக்கள் எல்லாரும் தெருமுனையில் டீ குடித்துக்கொண்டிருப்போம். அது வெறும் சங்கீதத்துக்காக மட்டும் இல்லை என்பது நமக்கெல்லாம் தெரியும். தமிழ் எழுதப் படிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு இதுவாவது ஒட்டட்டும் என்ற ஆசை. ஊரை விட்டு வந்த குற்றவுணர்ச்சிக்கு நாம் கட்டும் மாசத் தவணை.

ஆறு மாசமாக அவளுக்கு அதில் மனசில்லை. அதற்குப் பதில் என்ன செய்கிறாள் என்றால், போனில் சத்தம் பிடிக்கிறாள். குக்கர் விசில், கீழே காய்கறி வண்டிக்காரர் மராத்தியில் கூவுவது, கதவை மூடச் சொல்லும் லிஃப்ட் அம்மாவின் ஹிந்தி, ரிவர்ஸ் எடுக்கும் காரின் பாட்டு. எல்லாவற்றையும் லேப்டாப்பில் போட்டு நீட்டி, சுருக்கி, திருப்பி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறாள். "கொஞ்சம் கேளேன்ப்பா" என்று இரண்டு மூன்று தடவை வந்தாள். "இது என்ன இரைச்சல்? போய் வர்ணம் சாதகம் பண்ணு" என்று அனுப்பினேன். மாமியும் போனில் கூப்பிட்டு, "நல்ல காது சார் அவளுக்கு. உழைப்புதான் இல்லை. இப்படியே போனா வராது, சொல்லிட்டேன்" என்றார்.

வராது. இந்த வார்த்தையை நான் முன்பே கேட்டிருக்கிறேன்.

எனக்குப் பத்து வயதிருக்கும். அப்பாவுக்கு நான் மிருதங்கம் வாசிக்க வேண்டும் என்று ஆசை. எட்டு மாசம் போனேன். ஒருநாள் வாத்தியார் என்னை வைத்துக்கொண்டே அப்பாவிடம், "பையனுக்குத் தாளம் நிக்கலை சார். சங்கீதம் வராது. படிப்புல போடுங்கோ" என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. தாளம் நிற்கவில்லைதான். அப்பா ஒன்றும் பேசவில்லை, திரும்பி வரும் வழியில் எனக்கு ஒரு பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் சொல்வது, "எனக்குச் சங்கீதம் வராது." மேஜையில் தாளம் போடக்கூடக் கூச்சம். கச்சேரிக்குப் போனால் தொடையில் விரல் அசையாமல் பார்த்துக்கொள்வேன், பக்கத்து சீட்டுக்காரர் பார்த்துவிடுவாரோ என்று.

அதே வாக்கியத்தை ஈனோவும் சொன்னார். எனக்குச் சங்கீதம் வராது என்று கதவைச் சாத்திக்கொண்டேன் நான். எனக்குச் சங்கீதம் வராது, அதனால் எப்படிச் செய்யலாம் என்று கதவைத் திறந்தார் அவர். தூக்கிவாரிப் போட்டது என்றேனே, இதுதான்.

உடனே, "அப்ப சாதகம் வேண்டாம், குரு வேண்டாம், ஆளாளுக்கு இஷ்டத்துக்கு உருட்டலாமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இந்த ஆல்பங்களை நேர்மையாகக் கேட்டால் பதிலும் அதிலேயே இருக்கிறது. வாசிக்கத் தெரியாதவர் செய்ததுதான், ஆனால் வாசிக்கத் தெரிந்தவர்கள் சூழ இருந்து செய்தது. ஃபிரிப்பின் விரலில் பல வருஷச் சாதகம் இல்லாவிட்டால் மின்பொறி மாதிரி வாசி என்று சொல்லி என்ன பிரயோஜனம்? ஜான் கேல் வயோலாவோடு வந்தார். ஃபில் காலின்ஸ் டிரம்ஸ் வாசித்தார். ஈனோவே பிற்காலத்தில் 'ஸீனியஸ்' என்று ஒரு சொல்லை உண்டாக்கினார். தனி ஒருவரின் மேதைமையைவிட ஒரு கூட்டத்துக்கு, ஒரு சூழலுக்கு உள்ள மேதைமை பெரிது என்று அர்த்தம். ஆகவே சங்கீதம் தெரியாதவர் என்று அவர் சொல்லிக்கொண்டது பாதிதான் உண்மை. கையில் இல்லாதது காதில் இருந்தது. எது நன்றாக வந்திருக்கிறது, எதை வைத்துக்கொள்ளலாம், எதைத் தூக்கிப் போடலாம் என்று தெரியும் காது.

நம்மிடம் இதற்கு ஒரு பழைய பெயர் இருக்கிறது: கேள்வி ஞானம். திருக்குறளில் 'கேள்வி' என்று ஒரு அதிகாரமே உண்டு. பாடத் தெரியாத ரசிகர்கள் முதல் வரிசையில் உட்கார்ந்து, ஒரு தலையாட்டலில் வித்வானை நிமிர வைத்த ஊர்களிலிருந்து வந்தவர்கள் நாம். ஆனால் குழந்தைகளுக்கு என்று வரும்போது கேள்வி ஞானத்துக்கு நாம் மார்க் போடுவதில்லை. கிரேடு எக்ஸாம், அரங்கேற்றம், சர்டிஃபிகேட். கை என்ன செய்கிறது என்றே பார்க்கிறோம். காது என்ன செய்கிறது என்று கேட்பதேயில்லை.

புதியது வரும்போது பெரியவர்கள் முகம் சுளிப்பது நமக்கும் புதிதல்ல. மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் சின்னப் பையனாக மின்சார மாண்டலினோடு மேடையேறியபோது, இதில் கர்நாடக சங்கீதமா என்று கேட்டவர்கள் உண்டு. அதே ஸ்ரீநிவாஸ் 1995-ல் 'ட்ரீம்' என்று ஒரு ஆல்பம் செய்தார். கூடச் சேர்ந்து செய்தவர் மைக்கேல் புரூக் என்ற கனடாக்காரர். புரூக்கின் முதல் ஆல்பமான 'ஹைப்ரிட்' (1985) ஈனோவோடும் லான்வாவோடும் சேர்ந்து செய்தது. இத்தனை வருஷமாக ஸ்ரீநிவாஸ் கச்சேரிகளைக் கேட்டுவிட்டு, என் பரணில் கிடந்த கேசட்டிலிருந்து அவருக்கு இரண்டே எட்டு என்பது தெரியாமல் இருந்திருக்கிறேன். அவர் கையில் சாதகம் இருந்தது, பக்கத்தில் இருந்தவர் காதில் வேறொரு பள்ளி இருந்தது. இரண்டும் சண்டை போடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பெண்ணின் அறைக்குப் போய், "அந்தக் குக்கர் பாட்டைப் போடு" என்றேன். சந்தேகமாகப் பார்த்தாள். "திட்டறதுக்கா?"

"இல்லைடி, கேக்கறதுக்கு."

இரண்டு நிமிஷம் நாற்பது நொடி. விசில் நீண்டு நீண்டு ஒரு தம்புரா மாதிரி கீழே நிற்கிறது. மேலே காய்கறிக்காரரின் கூவல், முனை மழுங்கி, எங்கோ தூரத்து வாங்கு மாதிரி. நடுவில் எனக்குத் தெரிந்த ஏதோ ஒன்று. உற்றுக் கேட்டால் அவள் வயலின்தான். மோகன வர்ணத்தின் முதல் வரியைப் பாதி வேகத்தில் ஓட விட்டிருக்கிறாள். ஆறு மாசமாகச் சாதகம் பண்ணவில்லை என்று நான் கத்திக்கொண்டிருந்த அதே வர்ணம்.

நன்றாக இருந்ததா? சில இடத்தில் ரொம்ப நன்றாக இருந்தது. சில இடத்தில் நீளம். சொன்னேன். "அந்த இடத்துல நானும் குறைக்கணும்னுதான் நினைச்சேன்" என்றாள். இந்த வீட்டில் சங்கீதத்தைப் பற்றி நான் சொன்ன முதல் கருத்து அது. அதை ஒருத்தி ஏற்றுக்கொண்டும் விட்டாள்!

ஒப்பந்தம் இப்படி. பத்தாவது முடியும்வரை வயலின் தொடரும். மாமியிடம் நானே பேசிக்கொள்கிறேன். அதற்கப்புறம் தொடர்வதா வேண்டாமா என்பது அவள் முடிவு. வாரத்தில் ஒரு ராத்திரி அவள் செய்ததை நான் உட்கார்ந்து முழுசாகக் கேட்க வேண்டும், நடுவில் போனைப் பார்க்கக் கூடாது. தங்கமணி ஒரு திருத்தம் சேர்த்தாள்: குக்கர் விசில் பதிவு பண்ணுகிறேன் என்று பருப்பைக் குழைய விடக் கூடாது.

நாம் செய்தது முழுக்கத் தப்பு என்று நான் சொல்லவில்லை. மாமி வீட்டு வாசலில் இறக்கிவிட்டதால்தான் அவளுக்கு அந்த வர்ணம் கிடைத்தது. அதை வைத்து அவள் என்ன செய்கிறாள் என்று கேட்க மறுத்ததுதான் தப்பு. உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை ஹெட்போனை நீட்டி, "கேளேன்" என்று நின்றிருக்கும். வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள். பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். வராது என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த வார்த்தைக்கு ஆயுசு ஜாஸ்தி.

பி.கு.: ஈனோவை முதல் தடவை கேட்கிறவர்கள் 'அனதர் கிரீன் வேர்ல்ட்'டிலிருந்து ஆரம்பிக்கலாம். ராத்திரி, விளக்கை அணைத்துவிட்டு, சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து. பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்காதீர்கள். :-)